முனிரத்தினத்தின் தலையில் முப்பது மில்லி

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஏதாவது ஒன்று வந்தே தீரும். என் நண்பர்களில் சிலருக்குச் சர்க்கரை வந்தது, சிலருக்குப் பக்தி வந்தது. எனக்கு எஸ்பிரசோ வந்தது.

அந்தக் கெட்டிக் கறுப்புக் காபிக்கான இயந்திரம் சித்தூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் வந்து இறங்கிய அன்று, விலையைக் கேட்ட என் மனைவி ஒன்றுதான் சொன்னாள். "இந்தக் காசுக்கு ரெண்டு மாடு வாங்கியிருந்தா பாலாவது கறந்திருக்கும்." ஆனாலும் அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு முழம் மல்லிகையும் சாத்தினாள். (வாங்கியது மிக்ஸியானாலும் பூஜை போடாமல் விடமாட்டாள்.) வெள்ளிக்கிழமைதோறும் இது தொடர்ந்தது.

நானோ கொட்டை அரைக்கும் பதம் பிடிபடாமல், தினமும் எட்டு முறை இறக்கி எட்டையும் சிங்க்கில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"பாத்துங்க, அந்த சிங்க்கு தூங்கி நாலு நாளாவுது" என்றாள் என் மனைவி.

இந்த நிலையில்தான் முனிரத்தினம் வருவதாகச் செய்தி வந்தது. ஸ்ரீ சிட்டியில் வேலை பார்க்கும் என் மகள் ஹேமாவும், அங்கேயே வேலை பார்க்கும் அவர் மகனும் கல்யாணத்தைத் தாங்களாகவே முடிவு செய்துவிட்டார்கள். பங்காருபாளையத்தில் மாந்தோப்பு வைத்திருக்கும் முனிரத்தினம் சரி என்று சொல்வதுதான் பாக்கி. திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்து பதில் சொல்வதாக ஏற்பாடு.

"நைனா, ஒன்னே ஒன்னு கேக்கறேன். அந்த மிஷின மட்டும் ஆன் பண்ணாத" என்றாள் ஹேமா.

"சேச்சே" என்றேன். (அது சூடாகி அரை மணி நேரம் ஆகியிருந்தது.)

வந்தார்கள். அன்று வெள்ளிக்கிழமை. பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு சகிதம் நான் மல்லிகை சூடிய இயந்திரத்தின் முன் நின்றேன். கைப்பிடி வைத்த கனத்த கிண்ணத்தில் தூளை அமுக்கி மாட்டினேன். 'உஸ்' என்று அது பெருமூச்சு விட்டது. கறுப்பு நூலாக இறங்கியதை மூக்கு வைத்த குட்டி ஸ்டீல் சொம்பில் பிடித்தேன். பிறகு தூய்மை, பொறுமை, சாரம் இறங்கும் தருணம் என்று கால் மணி நேரம் உரையாற்றினேன். காபி என்ற சொல்லை மட்டும் ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. (நிபுணர்கள் உச்சரிக்கமாட்டார்கள்.) சொம்பு ஆறிப்போனது.

அதை இரு கைகளாலும் ஏந்திக்கொண்டு அருகில் போனேன். முனிரத்தினம் எழுந்தார். குனிந்து, இடது கை மேல் வலது கையைக் குழித்து நீட்டினார். அவர் மனைவியும் மகனும் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் வாயைத் திறந்திருப்பான். நான் ஊற்றினேன்.

உறிஞ்சினார். கண்களை இறுக மூடினார். உள்ளங்கையில் மிஞ்சியதைப் பக்தியோடு மொட்டைத் தலையில் தடவிக்கொண்டார். சந்தனப் பூச்சின் மேல் பழுப்பு நிறம் பரவி, ஒரு தாரை காதோரம் இறங்கியது. இத்தனை நாள் எந்தக் கோப்பையிலும் எனக்கு வராத அந்தப் பொன்னிற நுரை அவர் தலையில் வந்திருந்தது.

"இன்னாங்க தீர்த்தம் இது? இம்மாங் கசப்பு?"

"அது காபி, மாமா" என்றாள் ஹேமா, அழுகிற குரலில்.

முனிரத்தினம் இயந்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"காபியா? இத்தினூண்டு குடிச்சிட்டு நான் எப்டிம்மா ஊர் போய்ச் சேர்றது?"

என் மனைவி உள்ளே போய், காலையிலேயே இறக்கி வைத்திருந்த டிகாக்‌ஷனில் பால் ஊற்றி, டம்ளர் நிறையக் கொண்டுவந்தாள். அவர் கடைசிச் சொட்டு வரை குடித்து முடித்தார்.

"கல்யாணத்த வச்சிக்கலாம். ஆனா ஒரு கண்டிஷன்" என்றார். நான் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டேன். "சீர்வரிசைல அந்த மிஷின் மட்டும் வரக் கூடாது."

(அந்த நிமிடம் நான் அதைச் சீரில் அனுப்பத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.)

அவ்வளவு விலை கொடுத்து அந்த இயந்திரத்தை வாங்கலாமா என்று என்னிடம் கேட்பவர்களை நேராகப் பங்காருபாளையத்துக்கு, முனிரத்தினத்திடம் அனுப்பிவிடுகிறேன். சம்மந்தி இன்றும் வரும்போதெல்லாம் எங்கள் வாசலிலேயே நின்று, கையைக் குழித்து நீட்டுகிறார்.

"தீர்த்தம் அன்னிக்கே ஆயிடுச்சு. சடாரி எங்க சம்மந்தி?"

உடனே என் மனைவி அந்தக் கைப்பிடிக் கிண்ணத்தைக் கழற்றி எடுத்துவந்து, கவிழ்த்து, பெருமாள் கோயிலில் பட்டர் சடாரி வைப்பதுபோல் பயபக்தியோடு என் தலையில் வைக்கிறாள்.