ஐஸ் ஆலைக் கொம்பிரசருக்கு வந்த வருத்தம்

மடு மாதா துணை

வங்காலை,
ஞாயிறு, பூசை முடிந்து.

ரொறன்ரோவில் வாழும் அன்பு மருமகன் டொமினிக் அவர்களுக்கு மாமா பஸ்ரியன் எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் நானும் உங்கள் மாமி லூசியாவும் சுகம். அதுபோல் உங்களுக்கும் மகள் பெற்றிசியாவுக்கும் ஒரு குறையும் வரக்கூடாதென்று இரவுச் செபத்தில் மன்றாடுகிறோம். நீங்கள் அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சொக்லேற்றை மாமி ஊருக்குப் பங்குபோட்டா. யாகப்பர் சம்மாட்டி வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. காரணம் கீழே வரும்.

சொக்லேற்றுக்கு நடுவில் வைத்து அனுப்பிய அந்தத் தீப்பெட்டி அளவுக் கருவியைப் பற்றியதே இக்கடிதம். கோபிக்கக்கூடாது, மருமகன். அதைத் திருப்பி அனுப்பப் போகிறேன். இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் கதைத்தால் மாமி பக்கத்தில் நின்று என்னுடைய வசனங்களைத் திருத்துவா.

"மாமா, மிசின் பழுதான பிறகு திருத்துறது பழைய முறை. பழுதாக முதலே அறியிறதுதான் இப்பத்தைய முறை" என்று நீங்கள் படித்துப் படித்துச் சொன்னீர்கள். நானும் நம்பி, நம் மீனவர் சங்கத்து ஐஸ் ஆலையின் கொம்பிரசரில் அதை ஒட்ட வைத்தேன். காந்தம் என்றபடியால் இரும்பைக் கண்டதும் தானே போய்ப் பிடித்துக்கொண்டது. மிசின் நடுங்குகிற நடுக்கத்தைக் கேட்டு, சுகமென்றால் பச்சை, கவனம் என்றால் மஞ்சள், ஆபத்தென்றால் சிவப்பு என்று என் போனுக்குச் செய்தி வரும் என்றீர்கள். வந்தது. மூன்றாம் நாளே மஞ்சள். சுழலும் தண்டைத் தாங்குகிற பெயாரிங் தேய்கிறதாம், சில கிழமைக்குள் மாற்றவேணுமாம்.

அதைக் கண்டதும் என் கதிரை நினைவுதான் வந்தது. ஏனென்று உங்களுக்குத் தெரியவேணும். போன பொதுக்கூட்டத்தில் யாகப்பர் சம்மாட்டி எழும்பி, "கோயில் பெருநாளுக்கு முதல் மிசின் ஒருக்காப் பழுதாகி நிண்டாலும் முகாமையாளர் கதிரையை விட்டு பஸ்ரியன் எழும்பவேணும்" என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எல்லாரும் கை உயர்த்தினார்கள். நானும் உயர்த்தினேன். என்னத்துக்கு என்று விளங்க முதல் கை போய்விட்டது. இப்போது அறக்குளா மீன் படுகிற காலம். ஐஸ் இல்லையென்றால் மீன் கரையிலேயே நாறும், அதோடு சேர்த்து நானும் நாறுவேன்.

சரியென்று அடுத்த நாளே மன்னாருக்குப் போய், சங்கங்களைப் பார்க்கிற கந்தோரில் புது பெயாரிங்குக்கு அனுமதி கேட்டேன். அங்கே இருக்கிற மனோன்மணி மிஸ் நல்ல பிள்ளை, நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற குடும்பம். "எப்ப உடைஞ்சது ஐயா?" என்று கேட்டா. "இன்னும் உடையேல்ல பிள்ளை, உடையப் போகுது" என்றேன். பிள்ளை பேனையைக் கீழே வைத்தா. "ஐயா, எங்கட வயல் காயப் போகுதெண்டு சொன்னா ஆராவது நட்டஈடு தருவினமோ? காய்ஞ்சாப் பிறகுதான் தருவினம். உடைச்சுக்கொண்டு வாங்கோ, உடன கையெழுத்து வைக்கிறன்." உடைந்தால் என் கதிரை போய்விடும் என்று சொன்னேன். "அதுக்கு வேற கந்தோர்" என்றா.

வீட்டுக்கு வந்து இதை மாமியிடம் மட்டும் சொன்னேன். மாமி பக்கத்து வீட்டு மதலேனாவிடம் மட்டும் சொன்னா. பொழுதுபட முதல் ஊரே ஆலை வாசலில். ஆஸ்பத்திரியில் வருத்தக்காரரைப் பார்க்க வருகிற மாதிரி வருகிறார்கள், மருமகன்! மதலேனா பிளாஸ்கில் மல்லித் தண்ணியோடு வந்து, கொம்பிரசரைத் தடவி, "பாவம், எத்தனை நாளைக்குத் தாங்குமாம்?" என்று கண்ணைத் துடைத்தா. படகு வைத்திருக்கிற சம்மாட்டிமாருக்கு வேறு பயம். மிசின் சாக முதல் ஐஸை எடுத்துவைக்கவேணும் என்று ஒவ்வொருவரும் வழமையை விட இரண்டு மடங்கு கேட்டார்கள். முன்னே மத்தியானத்தில் கொஞ்சம் ஆறுகிற மிசின் இப்போது மூச்சுவிடாமல் ஓடியது. வருத்தக்காரனை வேலிகட்ட விட்ட கதைதான். போனில் மஞ்சள் இன்னும் மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

கந்தோர் கைவிட்டால் மாதா கைவிடமாட்டா என்று உங்கள் மாமி நேர்த்தி வைத்தா. பெருநாள் வரையும் மிசின் பழுதில்லாமல் ஓடவேணும் என்று, மடுவில் வாங்கின மாதா பதக்கம் ஒன்றைக் கொம்பிரசரின் முன் கம்பியில் கட்டினா. அதைக் கண்டு மதலேனா ஒன்று. பிறகு வீட்டுக்கு ஒன்று. பதக்கம், செபமாலை, வெள்ளிச் சிலுவை, யாரோ ஒருவர் வெள்ளிப் படகும் தொங்கவிட்டார். மிசின் ஓடும்போது எல்லாம் சேர்ந்து கிலுகிலு என்று ஆடும். அடுத்த நாள் போனில் சிவப்பு!

"பாத்தியளோ, வருத்தம் கூடீற்றுது. இன்னும் நேர்த்தி வைக்கவேணும்" என்றா மாமி. வைத்தார்கள். சிவப்பு இன்னும் சிவந்தது. அது சிவக்கச் சிவக்க இவர்கள் கட்ட, இவர்கள் கட்டக் கட்ட அது சிவக்க, நான் போனும் கையுமாய்த் திரிந்தேன். யாகப்பர் ஒவ்வொரு நாளும் வந்து மிசினைப் பார்ப்பதில்லை, என் கதிரையைத்தான் பார்ப்பார். ஒருநாள் அளவு பார்ப்பதுபோல அதில் குந்தியும் பார்த்தார். சொக்லேற் கொடுக்காத காரணம் இந்தக் கதிரை ஆசைதான்.

மெக்கானிக் ஜவாஹிரைக் கூப்பிட்டேன். அவர் நீட்டுத் திருப்புளியின் ஒரு முனையை மிசினிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்டார். "பஸ்ரியன் அண்ணன், பூசை மணிதான் கேக்குது. இதுகளைக் கழட்டுங்கோ, பிறகு பாப்பம்." யார் கழட்டுவது? பெருநாள் வரையும் என்று கட்டின நேர்த்தியை இடையில் அவிழ்த்தால் பாவம் அவிழ்த்தவன் தலையில். கடைசியில் பங்குச் சுவாமிதான், "மாதா கொம்பிரசரில தொங்கவேணுமெண்டு கேட்டவவோ? கோயிலுக்குக் கொண்டு வாங்கோ" என்று சொல்லி வழிவிட்டார். போன வெள்ளி மிசினைக் கொஞ்ச நேரம் நிற்பாட்டி, எல்லாவற்றையும் வெள்ளைத் துணி விரித்த தட்டில் வைத்துப் பாட்டோடு கொண்டுபோனோம். மாமி பின்னுக்கு நின்று மிசினை மேலும் கீழும் துடைத்துப் பளபளப்பாக்கினா.

திரும்பி வந்து மிசினைப் போட்டால், போனில் பச்சை! தளிர்ப் பச்சை! மூன்று வருசத்துக்கு ஒரு குறையும் இல்லையாம். ஊர் அற்புதம் என்றது. நான் மனத்துக்குள் சிரித்தேன். பதக்கம் கிலுங்கியதை பெயாரிங் என்று நினைத்த கருவி, மருமகன்! பக்திக்கும் பழுதுக்கும் வித்தியாசம் தெரியாது அதற்கு. ஜவாஹிர், "கழட்டியாச்சுதுதானே, ஒருக்காத் திறந்து பாப்பமோ?" என்று கேட்டார். "பச்சை காட்டுது காணும்" என்று அனுப்பிவிட்டேன். சனிக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசினேன். கை தட்டினார்கள். யாகப்பர் என் கதிரைப் பக்கம் பார்க்காமல் முதல் ஆளாய் எழும்பிப் போனார்.

ஆகவே இந்தப் பொய்க்காரக் கருவி நமக்கு வேண்டாம். கனடா மிசினுக்கு அது சரிவரும், அங்கே யாரும் நேர்த்தி வைப்பதில்லை. இதைச் சொல்வதால் உங்கள் படிப்பைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று எண்ணவேண்டாம். குளிரில் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள். பெற்றிசியாவுக்கு என் முத்தங்கள். மடு மாதாவின் முந்தானை உங்கள் இருவர் மேலும் விரிந்திருப்பதாக.

அன்பு மாமா,
வ. பஸ்ரியன்,
முகாமையாளர், ஐஸ் ஆலை.

பி.கு. மருமகன், மேலே எழுதினதை வாசிக்க வேண்டாம். இதை மட்டும் வாசியுங்கோ. கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், தபாலில போட முதல் செவ்வாய் வந்திட்டுது. அறக்குளாவோட படகெல்லாம் கரைக்கு வாற நேரம் மிசின் கறகற என்று கத்தி நிண்டது. ஜவாஹிர் திறந்தார். பெயாரிங் தூள். போனைப் பார்த்தன், அப்பவும் பச்சை! எங்கயடா இந்தக் கருவி என்று தேடினா, மிசினுக்குப் பக்கத்தில இருக்கிற என்ர கந்தோர் அறையில இரும்பு அலுமாரியில ஒட்டிக்கொண்டு கிடக்குது. வெள்ளிக்கிழமை மிசினைத் துடைக்கேக்க மாமி கழட்டி, கைக்கு எட்டின இரும்பில ஒட்டிப்போட்டு மறந்துபோனா. மூன்று வருசம் என்று அது சொன்னது அலுமாரியை. வெட்கமாக் கிடக்குது, மருமகன். மீன் பாதிக்கு மேல பழுது. சனத்தின்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்குது.

உடைஞ்ச பெயாரிங்கை மன்னாருக்குக் கொண்டு போனன். "இப்பதானே ஐயா ஒழுங்கா வந்திருக்கிறியள்" என்று மனோன்மணி மிஸ் நிண்ட நிலையில கையெழுத்து வைச்சா. புதுசு பூட்டியாச்சு. கதிரையில யாகப்பர் இருக்கிறார். அவற்ற முதல் கட்டளை, உங்களிட்ட அந்தக் கருவி இன்னும் ரண்டு எடுப்பிக்கச் சொல்லி. உடன அனுப்புங்கோ. அவற்ற வீட்டுக்கு என்று தனியா ஒரு பெட்டி சொக்லேற்றும் வையுங்கோ. மேலே கையெழுத்துக்குக் கீழ இருக்கிற பதவியை நீங்களே வெட்டிவிடுங்கோ, எனக்கு மனம் வரேல்ல. மற்றும்படி அலுமாரி நல்ல சுகம்.