ராஜவேலும் சோக் இல்லாத வண்டியும்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், நிலாவுக்கு ராக்கெட் விட்டான். அதெல்லாம் சில்லறை வேலை. கார்புரேட்டர் வண்டி எடுப்பதா, எஃப்.ஐ. வண்டி எடுப்பதா என்பதுதான் இந்தப் பூமி உருள ஆரம்பித்த நாளிலிருந்து தீராமல் கிடக்கிற ஒரே கேள்வி. அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் மரக்காணத்தில் இருக்கிறார். ராக்கெட் விட்டவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அதற்கும் சோக் வைத்து, கிக்கர் வைத்து, நடுவானில் நின்றால் சாய்த்துக் கிளப்ப ஓர் ஆளையும் கூட அனுப்பியிருப்பார்.

இந்த இனத்துக்கு வண்டி யோசனைக்காரர் என்று பெயர். எல்லா ஊரிலும் உண்டு. நம் ஊர்ச் சரக்கின் பெயர் ராஜவேல், உப்பளத்தில் மேஸ்திரி. டீக்கடையில் யாராவது "வண்டி எடுக்கலாம்னு" என்று ஆரம்பித்தால் போதும், அளத்துக் கடைசிப் பாத்தியில் நிற்கிறவருக்கு இங்கே காது விடைக்கும்.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடலாம். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற வேலையைப் பழைய வண்டியில் கார்புரேட்டர் என்கிற குடுவை செய்கிறது. புது வண்டியில் அதையே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் அளந்து செய்கிறது, அதுதான் எஃப்.ஐ. அவ்வளவுதானா என்றால், அவ்வளவுதான். ஆனால் ராஜவேலுக்கு முன்னது குலதெய்வம், பின்னது குடும்பத்தைக் கெடுக்க வந்தது.

அவருடைய குலதெய்வம் எப்படி எழுந்தருளும் என்று பார்த்திருக்கிறீர்களா? விடிகாலையில் பெட்ரோல் டேப்பைத் திறப்பார், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்புகிற சோக்கை இழுப்பார், வண்டியை இடப்பக்கம் சாய்ப்பார், வலப்பக்கம் சாய்ப்பார், உதைப்பார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி உதைப்பார், டேங்க் மூடியைத் திறந்து வாய் வைத்து ஊதுவார், பிளக்கைக் கழற்றித் துடைப்பார், வண்டியின் அம்மாவை விசாரிப்பார், பிறகு இன்னொரு உதை. தெருவே புகையில் மறையும். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் வார்ம் அப். கிளம்பாத நாளும் உண்டு. அது வண்டிக் கணக்கில் வராது. "பெட்ரோல்ல தண்ணி கலக்குறானுங்க" என்று முடித்துவிடுவார்.

இவரிடம் போய் மாட்டினாள் கலைமதி. பாண்டியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபைத் தினமும் காலையில் திறக்கிற வேலை அவளுக்கு. சர்க்கரை பார்க்க வருகிற ஜனம் ராத்திரியிலிருந்து சாப்பிடாமல் வந்து பூட்டுக்கு முன்னால் நிற்கும். முதல் பஸ் நிற்காமல் போனதில் இரண்டு தடவை அவள் தாமதம்; ஒரு கிழவர் வாசலிலேயே மயங்கி விழுந்தார். இன்னொரு தடவை லேட்டானால் வரவே வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். அவசரமாக ஒரு வண்டி வேண்டும். துபாய்க்குக் கிளம்புகிற கோட்டக்குப்பத்து இஜாஸின் கார்புரேட்டர் வண்டியா, கடையில் நிற்கிற புது எஃப்.ஐ. வண்டியா?

அப்பாவோடு உப்பு வாரியவர் ஆயிற்றே என்று ராஜவேலைக் கேட்டாள். கேட்டது ஒரு வாய். பதில் அமாவாசை தொட்டுப் பௌர்ணமி வரை ஓடியது. கார்புரேட்டர் கல்லால் தட்டினாலே ஓடும் என்றார், எஃப்.ஐ. நின்றால் டவுனிலிருந்து லேப்டாப் வந்து நாடி பார்க்க வேண்டும் என்றார். உப்புக் காற்று ஒயரை முறுக்கு மாதிரி தின்றுவிடும் என்றார். அப்படியானால் இஜாஸ் வண்டியையே எடுத்துக்கொள்ளட்டுமா என்று அவள் கேட்டபோது மட்டும் முகம் மாறியது. பொறு, எஞ்சின் சத்தத்தை நான் கேட்க வேண்டும், செயினை நான் பார்க்க வேண்டும் என்றார். இந்த இனத்தின் முக்கியமான அடையாளம் இதுதான். யோசனை சொல்லும், முடிவு எடுக்க விடாது. வாங்கிவிட்டால் அப்புறம் யாரிடம் போய் யோசனை சொல்வது?

அவர் சத்தம் கேட்கப் போவதற்குள் இஜாஸ் வண்டியை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கலைமதி யாரிடமும் கேட்காமல் எஃப்.ஐ. வண்டியை வாங்கி வாசலில் நிறுத்தினாள்.

ராஜவேல் வந்து சுற்றிப் பார்த்தார். டயரை அமுக்கினார். குனிந்து தடவினார்.

"டேப் எங்க?"

"இல்ல மாமா."

"சோக்கு?"

"அதுவும் இல்ல."

மூக்கில்லாத பிள்ளையைப் பார்ப்பது போல வண்டியைப் பார்த்துவிட்டுப் போனார். ஆனால் மனசு கேட்கவில்லை. நம் பக்கத்தில் அளத்துக்குப் போகிற வண்டிக்கெல்லாம் எண்ணெய்க் குளியல் உண்டு. வேஸ்ட் ஆயிலில் டீசலைக் கலந்து அடிவயிறெல்லாம் அடித்துவிட்டால் உப்பு அண்டாது. ஞாயிற்றுக்கிழமை கலைமதி பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போயிருந்த நேரம், கூப்பிடாமலே வந்து குளிப்பாட்டினார். சும்மா குளிப்பாட்டவில்லை. பெண்பிள்ளை தனியாகப் போகிற வண்டி என்று, ஒயர் சாக்கெட்டை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, காதுக்கு மருந்து விடுவது போல உள்ளே எண்ணெய்ச் சொட்டு விட்டு, திரும்ப மாட்டினார். மாட்டியது பாதி.

திங்கட்கிழமை விடியலில் வண்டி இருமியது, மஞ்சள் விளக்கைக் காட்டியது, செத்தது. பஸ் போய்விட்டது. பாண்டியில் வெறும் வயிறுகள் வரிசையில் நிற்கின்றன. கலைமதி ஸ்டார்ட்டரை அமுக்கி அமுக்கி அழுகிற நிலைக்கு வந்தாள். ராஜவேல் வந்து சேர்ந்தார். அந்த முகத்தில் வருத்தம் இருந்தது, மறுக்கவில்லை. அதற்கு அடியில் ஓர் ஆனந்தம் இருந்ததே, மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிறவன் முகத்தில்கூட அவ்வளவு இருக்காது.

"நான் இன்னா சொன்னேன்?" என்றார். அதற்குப் பிறகுதான், "ஏறு" என்றார்.

தன் வண்டியை உதைத்தார். முதல் உதையிலேயே கிளம்பியது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. கலைமதி நேரத்துக்கு லேபைத் திறந்தாள், வேலை தப்பியது. ராஜவேல் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அதில் லேப்டாப்போடு வந்த மெக்கானிக் அவர் காலில் விழுகிற கட்டமும் சேர்ந்துகொண்டது.

சர்வீஸில் சாக்கெட்டைத் திறந்ததும் கறுப்பு ஆயில் சொட்டியது. கலைமதி நேரே டீக்கடைக்கு வந்தாள்.

"மாமா, ஞாயித்துக்கெழம வண்டியத் தொட்டது நீங்கதான?"

"உப்பு ஏறக் கூடாதேன்னு…"

"நீங்க தொடலன்னா அது நின்னிருக்காது."

ராஜவேல் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"ஒரு சொட்டு எண்ணெயத் தாங்கலன்னா, அது இன்னா வண்டி?" என்றார்.

இதுதான் இனம். ஆனால் மறுநாளிலிருந்து பாருங்கள், அவள் கிளம்பினால் பின்னாலேயே புகைவிட்டுக்கொண்டு பாண்டி வழியில் கூனிமேடு வரைக்கும் போகிறார். அந்தப் பக்கம் வேலை இருக்கிறதாம். அவர் வண்டிதான் அடிக்கடி நிற்கிறது. அவளும் கண்ணாடியில் பார்த்துவிட்டு, ஓரங்கட்டி நின்று, கிளம்பும் சத்தம் கேட்ட பிறகே போகிறாள். அதற்காகவே வீட்டைவிட்டுச் சீக்கிரம் கிளம்புகிறாள்.

சிரிக்கிறீர்களா? ஒன்று கேட்க வேண்டும். வண்டி நின்ற இடத்தைப் படிக்கும்போது, "அது எண்ணெயால் இல்லை, சாக்கெட்டைச் சரியாக மாட்டாததால்" என்று உங்களுக்குள் யாரோ முனகினார்களே, அது யார்?

இதை எழுதியவன் டீக்கடையில் வைத்து வாசித்தும் காட்டினான். ராஜவேல் குறுக்கே பேசாமல் முழுதும் கேட்டார். கோபப்படவில்லை.

"நல்லாத்தான் இருக்குது. ஏம்பா, உன்ன ஒருத்தன் கேட்டா எந்த வண்டி எடுக்கச் சொல்லுவ?"

எழுதியவன் ஆரம்பித்தான். மைலேஜ், மழைக்காலம், பெட்ரோல் பம்ப், சென்சார் என்று போய்க்கொண்டே இருந்தான். கேட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். ராஜவேல் மட்டும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.