கண்காட்சிக்குச் சாமான் கொடுத்தவர்

மனிதர்களில் கண்காட்சிக்குச் சாமான் கொடுத்தவர் என்றொரு தனிப் பிறவி உண்டு. சந்தா கொடுத்தவர், இரத்தம் கொடுத்தவர், ஏன், பெண் கொடுத்தவர்கூட, கொடுத்ததோடு வீட்டுக்குப் போய்விடுவார். இவர் போகமாட்டார். ஊர்க் கலாமன்றம் மூன்று நாளைக்கு ஒரு பழம்பொருட் கண்காட்சி வைத்தால், அலமாரியிலிருந்து ஒரே ஒரு பொருளை இரவல் கொடுத்துவிட்டு, மூன்று நாளும் அதன் பக்கத்திலேயே, அந்தப் பொருளைவிடக் கூடுதலாக மினுக்கிக்கொண்டு நிற்பாரே, அவரைத்தான் சொல்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்ப முடியாது.

சாமான் கேட்டுப் போனால் முதல் தரம் மாட்டேன் என்பார். இரண்டாம் தரமும் மாட்டேன் என்பார். மூன்றாம் தரம் நாம் போகாவிட்டால் கோபித்துக்கொள்வார். ஒருவழியாக ஒப்புக்கொண்டதும் நிபந்தனைகள் வரும்: வாசலுக்கு நேரே மேசை வேண்டும், வெயில் படக்கூடாது, வெளிச்சம் படவேண்டும், யாரும் தொடக்கூடாது, ஆனால் எல்லோரும் கிட்ட வந்து பார்க்கவேண்டும், பெயரட்டையில் தன் பெயர், தகப்பனார் பெயர், தொழில், தெரு, வகிக்கும் பதவி, வகித்த பதவி எல்லாம் இருக்கவேண்டும். மிச்சம் இடமிருந்தால் பொருளின் பெயரையும் எழுதிக்கொள்ளலாம். இடமிருக்காது.

எங்கள் மாத்தளையில் இந்தக் கூட்டத்துக்குத் தலைவர், ஏலக்காய் வியாபாரி ஸெய்னுலாப்தீன் ஹாஜியார். அறுபத்தாறாம் ஆண்டுக் கண்காட்சிக்கு அவர் கொடுத்தது ஒரு பித்தளை வெற்றிலை வட்டா. யார் கிட்டே வந்தாலும், வந்தவர் மழைக்கு ஒதுங்கியவராகவே இருந்தாலும், ஒரே பாட்டுத்தான்.

“இது எங்கட வாப்பாட வாப்பா காலத்துல இருந்து வாரது. இந்த மாதிரி ஒண்டு சிலோன்லயே இல்ல.”

அடுத்த மேசையில் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கங்காணி அழகமுத்து, வெள்ளிப்பூண் போட்ட பிரம்போடு நின்றார். அவருக்கும் ஒரு பாட்டு இருந்தது. இப்படிப் பதினொரு மேசை, பதினொரு பாட்டு. கேட்டவர்களுக்குத்தான் காது இரண்டே இரண்டு.

மேசைகள் இவர்களுக்கே சரியாகப் போனதால், நூருன்னிஸா டீச்சரின் பாய்களுக்கு மண்டபத்துப் பின்விறாந்தைதான் கிடைத்தது. டீச்சர் அலுவிகாரையிலிருந்து வருகிறவர். புருஷன் மௌத்தாகி, இரண்டு பிள்ளைகளோடு தனியாக நின்றவர். அதே பின்விறாந்தையில், தோட்டத்துப் பெண்களுக்கும் டவுன் பெண்களுக்கும், சல்லிச் சம்பளம் இல்லாமல், இரண்டு வருடமாகப் பன்பாய் பின்னப் பழக்கி வந்தார். கண்காட்சியின் மூன்றாம் நாள் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது. பாய்கள் அவருக்குப் பிடித்துவிட்டால் வகுப்பு அரசாங்க வகுப்பாகும், டீச்சருக்கு மாதச் சம்பளம் கிடைக்கும். அந்த நம்பிக்கையில்தான் பன்புல் அறுத்து, அவித்து, சாயம் போட்டு, விரல் வெடிக்க வெடிக்கப் பின்னி வைத்திருந்தார்கள்.

இரண்டாம் நாள் பின்னேரம் பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து கங்காணியின் பிரம்பைப் படம் எடுத்தார். வட்டாவை எடுக்கவில்லை. தீர்ந்தது கதை.

“மகள், வீட்டுக்கு விருந்தாளி வாராங்க. வட்டாவ எடுத்துக்கிட்டுப் போறேன்” என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு ஹாஜியார் கிளம்பிவிட்டார்.

கங்காணி யோசித்தார். ஹாஜியார் விஷயம் தெரியாமல் செய்கிற ஆளா? “அவரே எடுத்துட்டுப் போறாருன்னா என்னமோ இருக்குங்க” என்று பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர். மண்டபம் பூட்டும்போது பதினொரு மேசையும் காலி. பெயரட்டைகளை மட்டும் ஒருவரும் தொடவில்லை. சாமான் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும், பேர் சபையில் இருக்கட்டும்!

மறுநாள் காலை டீச்சர் வந்து பார்த்தார். அதிகாரி வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அழ நேரமில்லை. பெண்களைக் கூப்பிட்டு, பின்விறாந்தைப் பாய்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி மேசைகளில் விரித்தார். தோட்டத்திலிருந்து வரும் நல்லம்மா, “டீச்சர், இந்த அட்டைய எல்லாம் எடுத்துரட்டுங்களா?” என்று கேட்டாள்.

“வாணாம் புள்ள, அதுல கை வைக்காதீங்க. பேர எடுத்தா பெரிய சண்டயாப் போகும். பொறகு ஒருத்தரும் சாமான் தரமாட்டாங்க.”

டீச்சர் பயந்தது நியாயம்தான். அந்த நியாயம்தான் குடியைக் கெடுத்தது.

அதிகாரி வருகிறார் என்று கேள்விப்பட்டதும் பதினொரு பேரும் ஓடிவந்துவிட்டார்கள். சாமான் இல்லாமல்தான். அவரவர் அட்டைக்குப் பக்கத்தில் அவரவர் நின்றுகொண்டார்கள். அதிகாரி முதல் மேசைக்கு வந்து, குனிந்து, அட்டையைக் கடைசி வரிவரை படித்து, பாயைத் தடவிப் பார்த்தார்.

“அருமையான வேலை. உங்களுடையதா?”

ஹாஜியார் சொல்லவேண்டியது ஒரே ஒரு சொல். இல்லை. அவ்வளவுதான். ஐந்து நேரமும் தொழுகிற மனிதர், பொய்யரும் அல்ல. ஆனால் வாய் இரண்டு நாளாகப் பாடிப் பழகிவிட்டதே!

“ஓம் சேர். எங்கட வாப்பாட வாப்பா காலத்துல இருந்து வாரது.”

“அவ்வளவு பழசா? நேற்றுப் பின்னியது போலல்லவா இருக்கிறது!”

“கவனமா வச்சிக்கிறது சேர்.”

தேத்தண்ணித் தட்டோடு நின்ற டீச்சர் முன்னால் வந்தார். “சேர், இந்தப் பாயெல்லாம்...”

“இந்தப் புள்ளயும் நல்லா ஒத்தாச செஞ்சிச்சு சேர்” என்றார் ஹாஜியார், மனதார.

அதிகாரி ஒரு கோப்பையை எடுத்துக் குடித்தார். “தேத்தண்ணீர் மிகவும் நன்றாக இருக்கிறது” என்று டீச்சரைப் பாராட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

ஒன்றரை மாதத்தில் கடிதம் வந்தது. வகுப்பு அரசாங்க வகுப்பாகிவிட்டது. பரம்பரை பரம்பரையாகப் பாய்க்கலை போற்றிவரும் குடும்பத்தைச் சேர்ந்த ஜனாப் ஸெய்னுலாப்தீன் அவர்களே பொறுப்பாசிரியர். ஹாஜியார் இரண்டு தரம் வேண்டாம் என்றார். மூன்றாம் தரம் கேட்க ஆள் வராததால் தானே போய்க் கையெழுத்து வைத்தார். இப்போது சனிக்கிழமைகளில் வந்து பாய்களுக்குப் பக்கத்தில் நிற்கிறார். பழக்குவது டீச்சர். பெருநாளைக்கு அவருக்கு ஹாஜியார் ஒரு சேலை எடுத்துக் கொடுக்கிறார், நல்ல சேலை. நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிகிறது.

அநியாயம், அங்கே நின்ற ஒருவராவது வாயைத் திறந்திருக்கக்கூடாதா என்றுதானே கேட்கிறீர்கள்? கேட்கவேண்டிய கேள்வி. நான் ஏழாவது மேசையில் நின்றேன். நான் கொடுத்திருந்தது ஒரு சுவர்க்கடிகாரம். அன்று என் அட்டைக்குப் பின்னால் கிடந்தது, சிவப்பும் மஞ்சளுமாக நல்லம்மா பின்னிய பாய். அதிகாரி என் தோளில் தட்டிப் “பிரமாதம்” என்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது நான் பின்னியது போலத்தான் இருந்தது.

போகட்டும், உங்களை யார் குறை சொன்னது? நீங்கள் எந்தக் கண்காட்சிக்கும் எதையும் கொடுத்ததில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்த விருந்தாளி, கோழிக்கறியை ஒரு பிடி பிடித்துவிட்டு “ஆகா!” என்றபோது, “எங்க வீட்டுக் கைப்பக்குவம் அப்படித்தான்” என்று நீங்கள் தலையை ஆட்டினீர்களே, அந்நேரம் அடுப்படியில் நின்றவர் சாப்பிட்டிருந்தாரா?