துண்டுக்கடியில் ஒரு வைத்தியம்

"விரலை விரிங்க" என்றார் டாக்டர் கண்ணுசாமி.

மலையாண்டி விரிக்கவில்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசிய கை அது. எத்தனை விரலை நீட்டுகிறார்களோ அதுதான் விலை. பதிலுக்கு இறுக்கிவிட்டால் பேரம் முடிந்தது. அப்புறம் குலதெய்வமே வந்தாலும் பேச்சு மாறக்கூடாது.

போதாக்குறைக்கு, டாக்டர் கேட்ட முதல் கேள்வியே கையைப் பற்றியதல்ல. "வாசல்ல நிக்கிற மயிலைக்காளைச் சோடி ஒங்களுதா?"

அந்தச் சோடியைக் கன்றிலிருந்து வளர்த்தவள் மனைவி சொர்ணவல்லி. "காளைங்க இல்லாம வந்தா நீங்களும் வரவேணாம்" என்று சொல்லித்தான் கந்தர்வக்கோட்டைக்கு வண்டி கட்டவே விட்டிருந்தாள்.

"கைக்கு என்ன?"

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவ முடியலைங்க. விரல் வழுக்குது."

"அப்ப விரிங்க."

"எதுக்குங்க?"

மதராசில் படித்தவர் அல்லவா, டாக்டர் பொறுமையாக விளக்கினார். "முன்கைத் தசை முரட்டு வேலைக்கு. உள்ளங்கை எலும்புக்கு ஊடால சின்னச் சின்னத் தசைங்க இருக்கு. விரலை விரிக்க நாலு, சேக்க மூணு. எது படுத்திருக்குன்னு பாக்கணும்."

நாலு, மூணு. அதுவும் மலையாண்டிக்கு விலையாகத்தான் கேட்டது.

டாக்டர் அவர் விரலிடுக்கில் ஒரு காகிதத்தைச் செருகினார். "இறுக்குங்க, நான் உருவுறேன்."

கைநாட்டு வைக்க இடம் விட்டிருக்கிறதா என்று மலையாண்டி காகிதத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குள் அது நழுவிப்போயிற்று.

"பாத்தீங்களா, சேக்குற தசை சோந்திருக்கு."

மலையாண்டி கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "டாக்டரையா, காளைங்க விக்கிறதுக்கு இல்லைங்க."

"நான் கேட்டேனா?"

டாக்டர் தடித்த புத்தகம் ஒன்றைப் பிரித்தார். தோலுரித்த கையின் படம். எலும்புகளுக்கிடையே சிவப்புச் சிவப்பாய்த் தசைகள். மலையாண்டிக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு படித்த மனுசனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே.

"கடைசிச் சோதனை" என்று, மலையாண்டியின் தோள்துண்டை எடுத்து இருவர் கைமேலும் போர்த்தினார் டாக்டர்.

"துண்டு எதுக்குங்க?"

"கண்ணு பாத்தா பெரிய தசை ஒத்தாசைக்கு வந்துரும். ம், என் ரெண்டு விரலையும் இறுக்குங்க."

வெட்கத்தையெல்லாம் சேர்த்து இறுக்கினார் மலையாண்டி.

"போதும். தெனம் ஈரத்துணியைப் பிழிங்க, சரியாயிரும். பீசெல்லாம் வேணாம்."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். வண்டி மட்டும் நின்றது. கம்பவுண்டர் ஞானமணி காளைகளை டாக்டர் வீட்டுக் கொல்லைப்பக்கம் பிடித்துப் போய்க்கொண்டிருந்தான்.

"ஏப்பா, எங்க ஓட்டுற?"

"தொழுவத்துக்குங்க. ரெண்டு விரல்ல முடிச்சுட்டீகளாமே. எங்க டாக்டரும் மாட்டுத் தரகரு மகன்தானுங்க."