இராயப்பரின் மகள்

அரைகுறையாக ஒரு மொழி தெரிவது குற்றமில்லை. முழுதாகத் தெரிந்தவன்போல நடந்துகொள்வதுதான் குற்றம். இருபத்து மூன்று வயதில், கொழும்பில் கொட்டாஞ்சேனையில், நான் அதைச் செய்தேன்.

யுத்த காலம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எட்டு மாதம். என் சிங்களம் முழுவதும் சோதனைச் சாவடிகளில் கற்றது. பெயர் என்ன, எங்கே போகிறாய், யாரைத் தேடுகிறாய் என்று கேட்டால் தடங்கலில்லாமல் பதில் சொல்வேன். (அதற்குமேல் கேட்டால் சிரிப்பேன்.) எனக்கு அறை தந்திருந்த மேரி அன்ரி இதைப் பார்த்துவிட்டு, நான் சிங்களத்தில் புலி என்று முடிவு செய்துவிட்டார். (அந்தச் சொல்லை அப்போது யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.)

பெரிய வெள்ளியன்று மூன்று மணிநேரம் பிரசங்கம் செய்து எங்கள் பங்குச் சுவாமிக்குத் தொண்டை கட்டிவிட்டது. உயிர்த்த ஞாயிறு காலைப் பூசைக்கு, தமிழ் தெரியாத ஒரு சிங்களச் சுவாமி வந்தார். பிரசங்கத்தை யார் மொழிபெயர்ப்பது?

"எங்கடை தம்பி இருக்கிறார் சுவாமி," என்றார் மேரி அன்ரி. "ஆமிக்காரரோடையே கதைக்கிறவர்."

மறுத்திருக்கலாம். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போனேன்.

தொடக்கம் பிரமாதம். கல்லறையருகே அழுதுகொண்டு நின்ற மரியாளிடம் இயேசு "யாரைத் தேடுகிறாய்?" என்று கேட்ட இடம். எனக்கு நன்றாகப் பழகிய கேள்வி. கம்பீரமாகச் சொன்னேன். சனம் தலையாட்டியது.

அடுத்து சுவாமி, "பேதுரு துவகென கியா" என்றார். பேதுரு, எங்கள் இராயப்பர். 'துவ' என்றால் மகள். 'கென கியா' என்றால் கொண்டு போனார். இராயப்பருக்கு மகள் இருந்ததாக மறைக்கல்வி வகுப்பில் யாரும் சொன்னதில்லை. ஆனால் சுவாமிக்குத் தெரியாததா?

"இராயப்பர் தன் மகளைக் கொண்டு போனார்," என்றேன்.

யோவானும், அதாவது எங்கள் அருளப்பரும், 'துவகென கியா' என்றார் சுவாமி. அதுவும் இராயப்பரை விட வேகமாக. எனக்குத் தலை சுற்றியது. இவர் கொண்டு போனது யாருடைய மகளை? நியாயமாக யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்.

"பிறகு அருளப்பர் அந்த மகளைக் கொண்டு, இராயப்பருக்கு முந்திப் போய்விட்டார்."

பாடகர் குழுவில் ஒருத்தி முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். தன் பிரசங்கம் சனத்தை உருக்கிவிட்டது என்று நினைத்த சுவாமி, அதே வசனத்தை இன்னும் உருக்கமாகத் திருப்பிச் சொன்னார். நானும் திருப்பிச் சொன்னேன்.

பூசை முடிந்ததும் ஆர்மோனியக்காரர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, துவகென எண்டால் ஓடிக்கொண்டு. ரெண்டு பேரும் கல்லறைக்கு ஓடினவை. அவ்வளவுதான். மகள் ஒருத்தரும் இல்லை."

தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு வந்தேன். அங்கே ஒரு வயதான அம்மா என் கையைப் பிடித்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி, அந்தப் பிள்ளை பிறகு வீட்டுக்கு வந்ததோ?"

பிள்ளைகள் காணாமல் போகிற அந்த நாட்களில் அது சிரிக்கக்கூடிய கேள்வி இல்லை.

"ஓம் அம்மா. பத்திரமா வந்திட்டா."

"அது காணும், அது போதும் எனக்கு," என்று சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

என் கலியாண வீட்டிலேயே மேரி அன்ரி இந்தக் கதையை எல்லோருக்கும் சொல்லிவிட்டார். இன்றும் பூசைக்குப் பிந்துகிறதென்று நான் வாசலில் நின்று அவசரப்படுத்தினால், உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்:

"நீங்கள் மகளைக் கொண்டு முன்னுக்குப் போங்கோ. நான் ஆறுதலா வாறன்."