இரண்டு கிடாரங்களும் இரண்டு சாவிகளும்

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை

கர்த்தருக்குள் பிரியமான நேசையா அத்தான் அவர்களுக்கு,

மைத்துனன் ஞானாபரணம் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கு நானும் பாக்கியவதியும் மகள் ஸ்டெபியும் சுகம். கண் ஆபரேஷன் முடிந்து ஏரலில் மகன் வீட்டில் ஓய்வில் இருக்கிறீர்கள், ஆகவே இதை அக்கா வாசித்துக் காட்டட்டும். வருகிற ஞாயிறு சபைக் கமிட்டி கூடி, பதினோரு வருடமாக நான் பார்த்துவரும் அசனக் காரியதரிசிப் பொறுப்பைப் பறிக்கப் போவதாகக் கேள்வி. கமிட்டித் தலைவர் நீங்கள். இந்த வருடம் சபையார் எல்லோருக்கும் போட்ட அசனச் சாப்பாடு ஏன் தாமதமாயிற்று என்பதை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

மூலகாரணம் ஸ்டெபியின் உத்தியோகம். கம்ப்யூட்டர் மொழி ஒன்றை வரிவரியாக வாசித்து, வாசித்த கையோடு செய்துகாட்டுகிற இன்டர்பிரிட்டரைச் சீர்படுத்தும் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் முன்னமே எழுதிவைத்த துண்டுகளான மாட்யூல்களை வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்வார்களாம். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகள் ஓடி, இரண்டும் ஒரே மாட்யூலைக் கூப்பிட்டால் அது இரண்டு தடவை ஏறிவிடும், அல்லது பாதி ஏறியதை ஒருவன் எடுத்துக்கொண்டு ஓடி விழுவான். அதற்காக மாட்யூலுக்கு ஒரு பூட்டு வைத்தாள். முதலில் வந்தவன் ஏற்றி முடிக்கும்வரை மற்றவன் காத்திருக்க வேண்டும். கேட்டதும் எனக்குப் போன வருடத்து அசனம்தான் ஞாபகம் வந்தது. அசனச் சமையலுக்கு நிற்கும் பாக்கியசீலனும் ஹெப்ரானும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் உப்புப் போட்ட குழம்பை நீங்களும் சாப்பிட்டீர்கள்.

ஆகவே இந்த வருடம் சமையல் கிடாரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவி என்று நியமித்தேன். கிடாரத்துக்குப் பூட்டு கிடையாது என்பதால் எங்கள் பீரோ சாவியையும் சைக்கிள் சாவியையும் கொடுத்தேன். கறி பாக்கியசீலனுக்கு, பருப்பு ஹெப்ரானுக்கு. அரைவேக்காட்டில் அடுத்தவர் கரண்டி வைக்கக் கூடாது, இரண்டு சாவியும் என் கைக்கு வராமல் பந்தி கிடையாது என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன்.

கறிக்குழம்பு இறங்குமுன் அதில் பருப்புத் தண்ணீரும், பருப்பு இறங்குமுன் அதில் எலும்புச் சாறும் ஊற்றுவது நம் சபை வழக்கம். இதை நான் யோசிக்கவில்லை. பாக்கியசீலன் வாளியோடு போய்ப் பருப்புத் தண்ணீர் கேட்டார். பருப்பு முடியவில்லை என்றார் ஹெப்ரான். பருப்பு முடிய எலும்புச் சாறு வேண்டும், அதற்குக் கறி முடிய வேண்டும், கறி முடியப் பருப்புத் தண்ணீர் வேண்டும். சண்டை போட்டிருந்தாலாவது தேவலை. "நீரு முதல்ல முடியும்வே, நான் நிக்கேன்" என்றார் ஒருவர். "நானும் நிக்கேன்" என்றார் மற்றவர். ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிரே போட்டு உக்காந்துட்டாங்க அத்தான். பதினோரு மணிக்கு உக்காந்தவங்க ஒன்றரை வரைக்கும் எந்திரிக்கல. எண்ணூறு பேரு வெறும் இலைக்கு முன்னால இருக்காங்க. குருவானவர் மூணாவது தடவையா ஜெபம் பண்ணுதாரு.

பசியோடு வந்த ஸ்டெபி நாற்காலிகளைப் பார்த்ததும் வெளுத்துப்போனாள்.

"அப்பா, எம் புரோகிராமும் இப்பிடித்தாம்ப்பா நிக்கும்."

என்னை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஒரு மாட்யூல் ஏறும்போது இன்னொன்றைக் கூப்பிடுமாம், அது திரும்ப இதைக் கூப்பிடுமாம். ஒன்றரைக்குப் போன் வந்தது. நாம் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அவன் நமக்காகக் காத்திருக்கிறானா என்று முதலில் பார்க்க வேண்டும், ஆமென்றால் பாதி ஏறியதையே எடுத்துக்கொள்ள வேண்டும், அதுதான் திருத்தமாம். அப்படியே உத்தரவு போட்டேன். இருவரும் மாற்றி ஊற்றினார்கள், சாவிகள் வந்தன, இரண்டு மணிக்குப் பந்தி நடந்தது. குழம்பு இளக்கமாக இருந்தது என்பது பொறாமைப் பேச்சு.

ஆகவே குறை நீங்கிவிட்டது, அடுத்த வருடமும் இதே ஏற்பாடு தொடரலாம். இந்தப் பொறுப்பையும் பிடுங்கிட்டா, ரிட்டயர் ஆனவன் நான் எந்த முகத்தோட கோயிலுக்குப் போவேன் அத்தான்? நீங்கதான் கைவிடாம பாக்கணும்.

உங்கள் கண்ணுக்கும் அக்காவின் முழங்காலுக்கும் கர்த்தர் பூரண சுகம் தருவாராக.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்
ஞானாபரணம்

பி.கு.: உறையில் போடுமுன் பாக்கியவதி இதை வாங்கி வாசித்தாள். சாவி ஏற்பாட்டைப் பெண்களிடம் யாரும் சொல்லவில்லையாம். பதினொன்றரைக்கே அவளும் நாலு பெண்களும் வந்து, பருப்புத் தண்ணீரைக் கறியிலும் எலும்புச் சாற்றைப் பருப்பிலும் ஊற்றி, தீயையும் இழுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த இருவரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த கண்ணை எடுக்கவில்லையாம், நானும் அவர்கள்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லையாம். நான் உத்தரவு போட்டு ஊற்றியது இரண்டாம் தடவை. பன்னிரண்டு மணிக்கே எல்லாம் தயார், சாவி என் கைக்கு வரவில்லை என்றுதான் பந்தி போடவில்லை என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காரியதரிசிப் பொறுப்புக்கு அவள் பெயரை முன்மொழிந்துவிடுங்கள். வழிமொழிய நான் வருகிறேன்.