வருங்கால மேலாளரே, வருக வருக

வேலையே இல்லாதவனிடம், ஐந்து வருடத்தில் என்னவாக இருப்பாய் என்று கேட்கிறார்களே, அவர்கள் என்ன பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள்? பி.காம். முடித்துவிட்டு ஆனையூர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தபோது எனக்கு வந்த சந்தேகம் இது. ரெஸ்யூமில் லட்சியத்துக்கென்று ஓர் இடம் விட வேண்டுமாம். நண்பர்களுடையதை வாங்கிப் பார்த்தேன். எல்லாரும் ஒரே ஆங்கில வாக்கியத்தை வைத்திருந்தார்கள். ஒருவனுக்கும் அர்த்தம் தெரியவில்லை. (எனக்கும்தான்.) நாமாவது உண்மையை எழுதுவோமே என்று, 'உங்கள் நிறுவனத்தின் மேலாளர் ஆவது' என்று எழுதினேன்.

அதை டைப் அடித்துக் கொடுத்தவன் முத்துப்பாண்டி. பள்ளித் தோழன். சிம்மக்கல்லில் ஃப்ளெக்ஸ் கடை வைத்து, காதுகுத்து முதல் கண்ணீர் அஞ்சலி வரை ஊரையே பேனரில் ஏற்றியவன். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு பைப் கம்பெனியில் இன்டர்வியூ என்று அவனிடம் சொன்னேன். அப்பா வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், இது கிடைத்தே ஆக வேண்டும் என்றும் சொன்னேன்.

"நீ போ மாப்ள, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வான் என்று கேட்டிருக்க வேண்டும்.

இன்டர்வியூ அன்று பஸ்ஸை விட்டு இறங்கினால், கம்பெனி கேட்டுக்கு எதிரே நானே கைகூப்பி நிற்கிறேன். முகம் ரெஸ்யூம் போட்டோ. வேட்டி கட்டிய உடம்பு வேறு யாருடையதோ. 'இந்நிறுவனத்தின் வருங்கால மேலாளரே, வருக வருக!' கீழே வரிசையாக நண்பர்களின் முகங்கள். வாட்ச்மேன் பேனரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சல்யூட் அடித்தார்.

இன்டர்வியூ எடுத்தவர்தான் மேலாளர். ரெஸ்யூமைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியே பேனரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீங்க வந்துட்டா நான் எங்க போறது?"

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கோ தெரிந்துகொள்ளும் ஆசை. "நீங்க சேந்தப்ப என்ன லட்சியம் சார் எழுதுனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"ஞாபகமில்ல. ஆனா இம்புட்டு வருசத்துல எனக்கு ஒருத்தனும் பேனர் வைக்கல" என்று ரெஸ்யூமைத் திருப்பிக் கொடுத்தார். கோபத்தைவிட ஏக்கம்தான் குரலில் அதிகம்.

அப்பா முகத்தில் எப்படி முழிப்பது என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பேனரில் தன் பெயர் இருந்ததா என்று மட்டும் விசாரித்தார். அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் 'வருங்காலம்'.

பிறகு வேறொரு கம்பெனியில் கணக்கு எழுதச் சேர்ந்து, போன மாதம் நிஜமாகவே மேலாளர் ஆகிவிட்டேன். பெருமையாக ஆர்டரைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினேன். அவள் அதை வாங்காமல் வாசலுக்குப் போய்த் தெருவின் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"பேனர் ஒண்ணையும் காணோமே. அப்புறம் எப்பிடிய்யா நம்புறது?"